இந்து நண்பரிடம் கிறிஸ்துவைப் பற்றிப் பேசுவதற்கு முன்

தமிழ்நாட்டுச் சபைகளில் இந்து சமயத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் மூன்று வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. அவர்களுக்கு முப்பத்து முக்கோடி தேவர்கள். அவர்கள் கல்லைக் கும்பிடுகிறார்கள். நற்கிரியை செய்து மோட்சம் போகலாம் என்று நம்புகிறார்கள், நமக்கோ கிருபை இருக்கிறது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு இந்துவிடம் பேசப் போனால், அவர் பின்பற்றாத ஒரு சமயத்துக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருப்போம். மூன்றில் மிகவும் பிழையானது மூன்றாவது. பிரசங்க மேடைகளில் அதிகம் அடிபடுவதும் அதுதான்.

இது ஒரு கிறிஸ்தவன் கிறிஸ்தவர்களுக்காக எழுதுவது. இயேசு கிறிஸ்துவே வழி என்ற விசுவாசத்தை ஒளித்து வைத்துக்கொண்டு நான் எழுதவில்லை. ஆனால் ஒருவருடைய நம்பிக்கையை நாம் எடுத்துச் சொன்னால், "ஆமாம், சரியாகச் சொன்னீர்கள்" என்று அவரே ஒப்புக்கொள்ளும்படி அது இருக்க வேண்டும். பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்ற கட்டளையில் பிற சமயத்தாருக்கு விதிவிலக்கு எதுவும் இல்லை.

எந்த இந்து?

இந்து சமயத்துக்கு நிறுவனர் என்று ஒருவர் இல்லை. எல்லாரும் அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் இல்லை, எல்லாருக்கும் பொதுவான தலைமைப் பீடமும் இல்லை. நான்கு வேதங்கள், உபநிடதங்கள், இதிகாசங்கள், புராணங்கள், ஆகமங்கள் என்று நூல்கள் குவிந்து கிடக்கின்றன. நாம் சந்திக்கும் இந்து அவற்றில் பலவற்றைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். அதற்காக அவரை எடைபோடவும் வேண்டாம். நம்மில் எத்தனை பேர் லேவியராகமத்தை முழுவதும் படித்திருக்கிறோம்?

தத்துவம் என்று எடுத்துக்கொண்டால் குறைந்தது நான்கு மரபுகளையாவது பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகப் பொதுவாகக் கருதப்படும் சங்கரரின் அத்வைதத்தில், முடிவான உண்மை பிரம்மம் ஒன்றே. உயிர் அதிலிருந்து வேறல்ல. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், உயிர்களும் உலகமும் இறைவனுக்கு உடலாக இருக்கின்றன என்றார். அவனை விட்டுத் தனியே அவை இல்லை, ஆனால் அவையே அவன் என்பதும் இல்லை. உடுப்பியின் மத்வர், கடவுள் வேறு, உயிர் வேறு, அந்த வேற்றுமை என்றும் மாறாது என்றார். தமிழர்களுக்கு மிகவும் நெருக்கமான சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்று மூன்று உண்மைகளைச் சொல்கிறது: இறைவன், உயிர், உயிரைக் கட்டியிருக்கும் தளை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இதைச் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களுக்குள் அடக்கிவிட்டார். ஆகவே, "இந்துக்கள் எல்லாமே கடவுள் என்கிறார்கள்" என்று சொல்லி ஒரு சைவ சித்தாந்தியிடம் வாதம் தொடங்கினால், உங்களுக்கு முன்பாக அவரே அதை மறுத்துவிடுவார்.

இதெல்லாம் படித்தவர்கள் நடுவே. சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் முனீஸ்வரனுக்கும் பொங்கல் வைக்கிற ஊரில் சமயம் என்பது நேர்த்திக்கடன், தீமிதி, குறி கேட்பது, திருநீறு போடுவது. அங்கே கேள்வி மோட்சத்தைப் பற்றியது அல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்குமா, மழை பெய்யுமா, மகளுக்கு வரன் அமையுமா, செய்வினை வைத்தது யார்? இப்படிக் கேட்கிற ஒருவரிடம் அத்வைதத்தை மறுத்து என்ன பயன்? உங்கள் ஆண்டவர் காப்பாற்றுவாரா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். நகரத்துப் படித்த குடும்பங்களிலோ விவேகானந்தர், கீதைச் சொற்பொழிவு, யோகா, "எம்மதமும் சம்மதம்" என்று வேறொரு முகம் தெரியும். சான்றிதழில் இந்து என்று இருக்கும், வீட்டுக் கூடத்தில் பெரியார் படம் இருக்கும். அப்படிப்பட்டவர்களும் இங்கே ஏராளம்.

அதனால் முதல் வேலை கேட்பதுதான். "உங்கள் குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொன்ன தமிழரை நான் பார்த்ததில்லை. ஊர், பங்காளிகள், எந்தத் தலைமுறையில் அங்கிருந்து கிளம்பினார்கள், எந்த மாதம் கொடை, பிள்ளைகளுக்கு அங்கேதான் முடி இறக்கினார்கள் என்று எல்லாம் வரும். அவர் எதற்கு அஞ்சுகிறார், எதற்கு நன்றி சொல்கிறார் என்பதும் அந்தப் பேச்சோடு சேர்ந்தே வரும்.

கல்லைப் பற்றி

"அவைகளுக்குக் கண்களிருந்தும் காணாது" என்ற சங்கீத வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். அதைச் சொன்னதும் ஓர் இந்து என்ன பதில் சொல்வார் என்பதும் தெரிந்திருந்தால் நல்லது.

சிற்பக்கூடத்தில் கிடக்கிற சிலையை யாரும் கும்பிடுவதில்லை. அதைக் காலால் மிதித்துக்கொண்டுதான் சிற்பி செதுக்குவார். முறைப்படி பிராணப் பிரதிஷ்டை என்ற உயிரேற்றும் சடங்கைச் செய்த பிறகே அது வழிபாட்டுக்கு உரியது. கோயில் திருப்பணி தொடங்கும்போது பாலாலயம் என்று ஒரு சடங்கு உண்டு. மூலவரிடம் இருக்கிற சக்தியைக் கலசத்துக்கோ மரப்பலகையில் வரைந்த உருவத்துக்கோ மாற்றி, தனியிடத்தில் வைத்துப் பூசை நடத்துவார்கள். வேலை முடிந்து கும்பாபிஷேகத்தில் மறுபடியும் கருவறைக்குக் கொண்டுவருவார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை இதைச் செய்ய வேண்டும் என்பது மரபு. கல் வேறு, அதில் எழுந்தருளுகிறவர் வேறு என்பது இவர்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. வைணவர்கள் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். வைகுந்தத்தில் எட்டாத நிலையில் இருப்பவன், ஏழைப் பக்தனும் நீராட்டி உடுத்தி உணவூட்டும்படி இவ்வளவு எளியவனாக இறங்கி வந்திருக்கிறானே என்று உருகுவார்கள். அர்ச்சாவதாரம் என்று அவர்கள் சொல்வது அதைத்தான்.

இதைக் கேட்ட பிறகும் கிறிஸ்தவனுக்கு மறுப்பு இருக்கிறது, ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது. தம்மை எந்த உருவத்தில் காட்டுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை கடவுளுக்கே உரியது என்கிறது வேதாகமம். அவர் தம் சாயலாகப் படைத்தது மனிதனை. காணப்படாத தேவனுடைய தற்சுரூபம் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதுவது கிறிஸ்துவைப் பற்றி. இந்த அடிப்படையில் பேசினால் எதிரில் இருப்பவரை முட்டாளாக்காமலே நம் வாதத்தை முழுதாக வைக்கலாம். எபேசுவில் கலகம் நடந்தபோது, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்கள் அல்ல என்று அந்த ஊர் அதிகாரியே பவுலின் தோழர்களுக்காகச் சாட்சி சொன்னார். நம்மைப் பற்றி நம் தெருக்காரர்கள் அப்படிச் சொல்வார்களா என்று தெரியவில்லை.

முப்பத்து முக்கோடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் பெரும்பாலான இந்துக்கள் கடவுள் ஒருவர்தான், உருவங்கள்தான் பல என்பார்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு இதைத் தமிழர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். கேள்விகளை எழுதி அனுப்பி அவர்களிடமிருந்து கடிதங்களாகப் பதில் வாங்கினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு பெரிய நூலை எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். பிற சமயத்தைப் பற்றி எழுதுவதா மிஷனெரியின் வேலை என்ற மனநிலை அங்கே இருந்தது. அந்த நூல் 1867 வரை அச்சேறவே இல்லை. மனிதர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதைச் சபை சந்தேகத்தோடு பார்ப்பது அன்றைக்கே தொடங்கிவிட்டது.

அருள் என்பது இங்கே புதிய செய்தி அல்ல

"உங்களுக்குக் கிரியை, எங்களுக்குக் கிருபை" என்ற பேச்சுக்கு வருகிறேன்.

மாணிக்கவாசகரின் திருவாசகத்தைத் தொடங்கிவைக்கும் சிவபுராணத்தில் "அவன் அருளாலே அவன் தாள் வணங்கி" என்று ஓர் அடி வருகிறது. வணங்குவதற்கு வேண்டிய மனமே அவன் கொடுத்தால்தான் உண்டு என்கிறார். நாயேன், கடையேன் என்று தம்மைத் தாழ்த்திக்கொண்டு, தகுதி இல்லாத தன்னைத் தேடிவந்து ஆட்கொண்டான் என்று நூல் முழுவதும் அழுகிறார். ஆண்டவர் என்று நாம் இயேசுவை அழைக்கிறோமே, அந்த ஆளுகையின் மொழி இந்தப் பக்தி மரபிலும் ஊறிக் கிடப்பதுதான். ஆழ்வார்கள் பன்னிருவரின் பாசுரங்களிலும் வேறு கதியில்லை என்ற அதே சரணாகதி ஒலிக்கிறது. திருமுறைகளையும் திவ்வியப் பிரபந்தத்தையும் கேட்டு வளர்ந்த ஒருவரிடம் போய், உங்கள் சமயத்தில் கிருபையே இல்லை என்று சொன்னால் அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

ராமானுஜருக்குப் பின்வந்த வைணவர்கள் இந்த அருளைப் பற்றி இரண்டாகப் பிரிந்து வாதாடினார்கள். குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்கிறது. அதுபோல உயிரும் தன் பங்குக்குப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலையாரின் நிலை. பூனைக்குட்டி எதையும் பற்றுவதில்லை, தாயே வாயால் கவ்விக்கொண்டு போகிறது. மீட்பும் அப்படியே என்பது தென்கலையாரின் நிலை. இதற்கு மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று பெயர். மீட்பில் மனித முயற்சிக்குப் பங்கு உண்டா என்று பழைய திருச்சபையில் அகஸ்டினும் பெலேஜியுஸும் மோதிக்கொண்ட இடத்துக்கு இது எவ்வளவு அருகில் இருக்கிறது! கால்வினைப் பின்பற்றியவர்களும் ஆர்மினியுஸைப் பின்பற்றியவர்களும் பிரிந்ததும் ஏறக்குறைய இதே கேள்வியில்தான். வேதாகமக் கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவனிடம் இந்தக் குரங்கையும் பூனையையும் பெயர் மாற்றிச் சொல்லிப் பாருங்கள். ஏதோ ஐரோப்பிய இறையியல் என்று நினைத்துக் குறிப்பெடுப்பான்.

நற்செய்தி சொல்வதற்கே ஒரு முன்மாதிரி அந்த மரபில் உண்டு. திருக்கோஷ்டியூர் நம்பி என்ற குருவிடம் மந்திரப் பொருள் கேட்க ராமானுஜர் பதினெட்டு முறை நடந்தார் என்பது வைணவர்கள் சொல்லும் கதை. கடைசியில் நம்பி சொல்லிக்கொடுத்தார். வெளியே சொன்னால் நரகம் என்றும் எச்சரித்தார். ராமானுஜர் நேரே கோயிலில் உயரமான இடத்துக்கு ஏறி நின்று எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நான் ஒருவன் நரகத்துக்குப் போனாலும் இத்தனை பேர் கரையேறுவார்களே என்றார். என் சகோதரருக்காக நானே கிறிஸ்துவை விட்டுச் சபிக்கப்பட்டவனாவதற்கும் சம்மதம் என்று பவுல் ரோமர் ஒன்பதாம் அதிகாரத்தில் எழுதுகிறார். ஒரு வைணவ நண்பரோடு இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பேசினால் பேச்சு நள்ளிரவு வரை போகும்.

அப்படியானால் நாம் சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது? நிறையவே இருக்கிறது. கடவுள் இரக்கமுள்ளவர் என்பதை மாணிக்கவாசகர் நம்மைவிட அழகாகப் பாடிவிட்டார். அந்த இரக்கம் பொந்தியு பிலாத்து என்ற ரோம அதிகாரியின் காலத்தில், எருசலேம் நகர வாசலுக்கு வெளியே, ஒரு குற்றவாளியின் மரணமாக நடந்தது என்பதும், மூன்றாம் நாள் கல்லறை காலியாக இருந்தது என்பதும் நாம் கொண்டுபோகும் செய்தி. தேதியும் இடமும் உள்ள சம்பவம் இது. நடந்ததா இல்லையா என்று ஆராய இடம் கொடுக்கிற சம்பவம். அருள் இருக்கிறதா இல்லையா என்று வாதாடுவதை விட்டுவிட்டு இதைச் சொல்லலாம்.

நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இந்த வழியில்தான் நடந்தார். கம்பனில் ஊறிய நாவைக் கழுவிவிட்டு அவர் கிறிஸ்துவிடம் வரவில்லை. 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் என்ற அவருடைய காவியத்தில் ஆழ்வார்களின் உருக்கம் சிலுவையின் அடியில் வந்து நிற்கிறது. பிற்காலத்தில் கோயம்புத்தூர்ப் பேராயராக இருந்த ஏ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகவே விளக்கி எழுதினார். இவர்களுடைய பெயர்கள் நம் இளைஞர் கூட்டங்களில் கேட்பதே இல்லை. அமெரிக்கப் போதகர்களின் பெயர்கள் மட்டும் கேட்கின்றன.

வினையும் மன்னிப்பும்

வழிகள் உண்மையில் பிரிவது இங்கேதான் என்பது என் எண்ணம்.

வினைக் கொள்கை நாம் நினைப்பது போலக் குருட்டு விதி அல்ல. செய்தது செய்தவனையே வந்து சேரும் என்ற நீதியுணர்வு அது. முற்பிறவிகளில் சேர்த்துவைத்தது சஞ்சிதம். அதில் இந்தப் பிறவியில் அனுபவிக்க எடுத்துவந்தது பிராரத்தம். இப்போது புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். சைவ சித்தாந்தத்தில் வினை தானாக ஓடுவதும் இல்லை. உயிர் பக்குவப்படுவதற்காக இறைவனே அதன் பயனை ஊட்டுகிறான். "மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான்" என்று பவுல் எழுதியதைக் காட்டினால், இதைத்தானே நாங்களும் சொல்கிறோம் என்பார் நண்பர். அவர் சொல்வதில் பாதி சரி.

பிறவிக் குருடனைப் பார்த்துச் சீடர்கள் இயேசுவிடம் கேட்ட கேள்வி அப்படியே நம் ஊர்க் கேள்வி: இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம், இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ? இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. மாற்றுத்திறனாளிப் பிள்ளையை வைத்துக்கொண்டு, போன பிறவியில் என்ன பாவம் செய்தேனோ என்று தினமும் தன்னையே கேட்டுக்கொள்ளும் ஒரு தாய்க்கு யோவான் ஒன்பதாம் அதிகாரத்தைப் படித்துக் காட்டினால், அதற்கு விளக்கவுரை எதுவும் வேண்டியதில்லை. கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. நம் விசுவாசிகளில் பலர் நோய் வந்தவரைப் பார்த்து, எந்தப் பாவத்தை மறைத்து வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். பெயர்தான் கிறிஸ்தவம், கணக்கு பழைய கணக்குத்தான்.

நண்பர் எழுப்பக்கூடிய எதிர்க்கேள்வி கூர்மையானது. அவனவன் வினையை அவனவன்தானே தீர்க்க வேண்டும், ஒருவர் பாவத்தை இன்னொருவர் சுமப்பது எப்படி நியாயம்? இது தட்டிக்கழிக்கக்கூடிய கேள்வி அல்ல. கடனை மன்னிக்கிறவர் அந்த நட்டத்தைத் தானே ஏற்கிறார். மன்னிப்பு எங்கே நடந்தாலும் யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுத்திருப்பார் என்று தொடங்கலாம். பாற்கடலில் எழுந்த ஆலகாலத்தைச் சிவன் உண்டு தேவர்களைக் காத்த கதையைக் கேட்டு வளர்ந்தவருக்கு, பிறருக்காக அழிவைத் தன்மேல் ஏற்பது புரியாத விஷயம் அல்ல. அதற்காக நீலகண்டன் கதையே இயேசுவைப் பற்றிய தீர்க்கதரிசனம் என்று கிளம்பிவிடக் கூடாது. அவருடைய சாமியை அவரிடமிருந்து பறித்து நம் சாமியாக்குவது மரியாதையும் ஆகாது, உண்மையும் ஆகாது.

பாவம் என்றால் என்ன என்பதிலும் வேறுபாடு உண்டு. சைவ சித்தாந்தத்தில் உயிரை மறைத்திருக்கும் ஆணவ மலம் என்ற அழுக்குக்குத் தொடக்கமே இல்லை. வேதாகமத்தில் மனிதன் நல்லவனாகப் படைக்கப்பட்டான். பிறகு அன்பாயிருந்தவரிடம் முறைத்துக்கொண்டு போனான். ஒன்றில் அழுக்கு நீங்க வேண்டும், மற்றதில் உறவு சரியாக வேண்டும். எடுத்த எடுப்பில் "நீங்கள் பாவி" என்று தொடங்குவது இங்கே எடுபடாததற்கு இதுவும் ஒரு காரணம். 1893இல் சிகாகோ மாநாட்டில், மனிதனைப் பாவி என்று அழைப்பதே பாவம் என்று விவேகானந்தர் முழங்கினார். அதைப் பள்ளிப் பருவத்திலேயே படித்துப் பெருமைப்பட்டவர்கள் நம் கேட்போர். இளைய குமாரன் தகப்பனை விட்டுப் போன கதையைச் சொல்லுங்கள். பாவம் என்ற சொல்லுக்குள் நாம் வைத்திருக்கும் பொருள் அதில் முழுதாக வந்துவிடும்.

இறங்கி வருதல்

லீஸ்திராவில் பவுல் ஒரு முடவனைக் குணமாக்கியதும் ஊரார் என்ன செய்தார்கள்? தேவர்கள் மனுஷரூபமெடுத்து இறங்கி வந்திருக்கிறார்கள் என்று கூவி, எருதுகளையும் மாலைகளையும் கொண்டுவந்தார்கள். இயேசுவைப் பற்றிச் சொன்னதும் நம் நண்பர் முகம் மலர்ந்து, "அவரும் ஓர் அவதாரம்தான் சார், எங்கள் பூசையறையிலும் படம் வைத்திருக்கிறோம்" என்பதும் அதே உள்ளத்திலிருந்து வருவதுதான். வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் இந்துக்களைப் பார்த்திருக்கிறோம். இதைக் கேட்டதும் அல்லேலூயா என்று குதிக்கவும் வேண்டாம், கண்டிக்கவும் வேண்டாம். அந்தப் படத்தில் இருப்பவர் என்ன சொன்னார் என்று வாசித்திருக்கிறீர்களா என்று கேட்கலாம்.

கீதையின் நான்காம் அத்தியாயத்தில் கண்ணன் தான் பிறப்பதற்குக் காரணம் சொல்கிறான். அறம் குன்றும்போதெல்லாம், நல்லவர்களைக் காக்கவும் தீயவர்களை அழிக்கவும் யுகந்தோறும் பிறக்கிறேன் என்கிறான். இயேசு தாம் வந்ததற்குச் சொன்ன காரணத்தை இதன் பக்கத்தில் வையுங்கள்: "நீதிமான்களையல்ல, பாவிகளையே" அழைக்கவந்தேன். தீயவர்களை அழிக்க வரவில்லை, அவர்கள் வீட்டில் பந்தியிருக்க வந்தார். அவருடைய வருகை ஒரே முறை நிகழ்ந்தது. எடுத்த மனித உடலை அவர் பிறகு களைந்துபோடவும் இல்லை. உயிர்த்தெழுந்த பின்பும் கைகளில் ஆணித் தழும்பு இருந்தது. சைவரிடம் பேசும்போது இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இறைவன் கருவில் தங்கிப் பிறப்பதில்லை என்பது அவருடைய உறுதியான கொள்கை. வைணவருக்கு எளிதாகத் தோன்றும் பெத்லகேம் அவருக்கு இடறலாக இருக்கும்.

யார் கொள்ளி வைப்பது?

இதுவரை சொன்ன தத்துவம் எல்லாம் ஒரு பக்கம். கிறிஸ்துவை உள்ளூர விரும்பியும் தயங்கி நிற்கிறவரின் தயக்கம் பெரும்பாலும் வேறு. "நீ அங்கே போய்விட்டால் எனக்கு யாரடா கொள்ளி வைப்பது?" என்று தகப்பனார் கேட்பார். ஆடி அமாவாசைக்கு முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க ஆள் இல்லாமல் போகும். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அண்ணன் மதம் மாறிவிட்டான் என்ற பேச்சு குறுக்கே வரும். நமக்கு அது ஓர் ஆத்துமா இரட்சிக்கப்பட்ட சந்தோஷம். அந்த வீட்டுக்கோ இறந்த தாத்தா பாட்டி வரைக்கும் நீளும் உறவிலிருந்து ஒருவன் எழுந்து போன துக்கம்.

தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்ற கட்டளை இங்கே எப்படி நிறைவேறும் என்பதை அந்த விசுவாசியோடு உட்கார்ந்து யோசிப்பது சபையின் கடமை. இறுதிச் சடங்கில் எதில் நிற்கலாம், எதில் நிற்க மனச்சாட்சி இடம் தராது, பொட்டும் பூவும் என்ன ஆகும், பெயரை மாற்றத்தான் வேண்டுமா என்பதெல்லாம் அதில் அடங்கும். பெயர் மாற்றம் கட்டாயம் என்று வேதாகமத்தில் எங்கும் இல்லை என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

சாதியைப் பற்றி இந்து நண்பர் கேட்கத்தான் செய்வார். சபையில் சாதி இல்லை என்று சொல்லாதீர்கள்; கல்லறைத் தோட்டத்தைக் கூடச் சாதிக்கொன்றாகப் பிரித்து வைத்திருக்கும் ஊர்கள் அவருக்கும் தெரியும். 1606இல் மதுரைக்கு வந்து காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று மக்களிடம் பேசிய இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் டி நொபிலியை நாம் மெச்சுகிறோம். சாதி வேற்றுமையைச் சமூக வழக்கம் என்று அவர் விட்டுவிட்டதன் பாரத்தையும் திருச்சபை சுமந்துகொண்டிருக்கிறது. இதில் சட்டமும் சேர்ந்திருக்கிறது. 1950இல் வந்து பிறகு திருத்தப்பட்ட குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியினராக முடியும். ஆதி திராவிடர் ஒருவர் கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். பிள்ளையின் கல்லூரி இடம், அரசு வேலை என்று அது எதையெல்லாம் தொடும் என்பதை ஞானஸ்நானத்துக்கு முன்பே அவருக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடுவது ஏமாற்று.

பேசும்போது

அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு தன் சமயத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. பரப்புவது என்பது தன் கொள்கையை எடுத்துரைப்பது. இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டாய மதமாற்றத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2002இல் வந்த சட்டம் பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டது. வேறு பல மாநிலங்களில் அப்படிப்பட்ட சட்டங்கள் நடப்பில் இருக்கின்றன. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரிசி மூட்டையோடும் பள்ளிச் சீட்டோடும் நற்செய்தியைச் சேர்த்துக் கட்டாதீர்கள். உதவி தேவைப்படுகிறவருக்கு உதவுங்கள். அவர் கடைசிவரை இந்துவாகவே இருந்தாலும் உதவுங்கள். கோயில் திருவிழாக் கூட்டத்தில் கைப்பிரதி கொடுப்பதைத் தைரியம் என்று சிலர் நினைக்கிறார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனை நடக்கும்போது நம் ஆலய வாசலில் வேறொருவர் வந்து அப்படிச் செய்தால் நமக்கு எப்படி இருக்கும்?

இந்து வேதங்களில் படைப்புக் கடவுளாக வரும் பிரஜாபதி இயேசுதான், திருவள்ளுவர் தோமாவிடம் உபதேசம் கேட்டார் என்ற வகைப் பேச்சுகளைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவற்றுக்கு ஆதாரம் இல்லை. சமஸ்கிருதமோ தமிழ் இலக்கியமோ ஓரளவு படித்தவர் இரண்டு நிமிடத்தில் உடைத்துவிடுவார்; அதன்பின் உயிர்த்தெழுதலைப் பற்றி நீங்கள் சொல்வதையும் அதே கணக்கில் சேர்த்துவிடுவார்.

பக்கத்து வீட்டு அக்கா சரஸ்வதி பூசை முடிந்து சுண்டல் கொண்டுவந்தால் என்ன செய்வது? கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல் எட்டாம் அதிகாரம் முதல் பத்தாம் அதிகாரம் வரை இதைத்தான் பேசுகிறார். அதை வாசித்த பிறகும் உண்மையுள்ள விசுவாசிகள் இரண்டு விதமாக முடிவெடுக்கிறார்கள். சாப்பிட மனச்சாட்சி இடம் தராதவர், "படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை அக்கா, தப்பாக நினைக்காதீர்கள்; உங்கள் வீட்டில் சாதாரணமாகச் சமைக்கிற நாளில் நானே வந்து சாப்பிடுகிறேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம். சொன்னபடி போய்ச் சாப்பிடவும் வேண்டும். வாங்கி வைத்துக்கொண்டு, அவர் தலை மறைந்ததும் குப்பையில் கொட்டுவதுதான் நம் வீடுகளில் வழக்கம். அது அவருக்குத் தெரியாமல் இருப்பதில்லை.

வாசிக்கக் கொடுக்க வேண்டும் என்றால் நான் லூக்காவைக் கொடுப்பேன். "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்று தொடங்கும் யோவான், வேதாந்தம் படித்தவருக்குப் பிடிக்கும். ஆனால் முதல் பக்கத்திலேயே தத்துவத்துக்குள் போய்விட்டு வெளியே வரமாட்டார். லூக்காவில் ஆட்கள் வருகிறார்கள்: விதவைகள், வரி வசூலிப்பவர்கள், குஷ்டரோகிகள், வழியில் அடிபட்டுக் கிடப்பவன். பொருள் சொல்லப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளாமல் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து, எந்த ஆள் மனதில் நின்றார் என்று மட்டும் கேளுங்கள். அவர் பதிலுக்குத் திருவாசகத்தையோ கீதையையோ வாசிக்கச் சொன்னால், அதையும் வாங்கிக்கொண்டு வந்து வாசியுங்கள்.